பதினேழாம் கூண்டில் ஒரு தும்மல்

கீரியக்காவின் வேலையை ஒரே வரியில் சொல்லிவிடலாம். இருபத்திரண்டு பிராணிகளுக்குச் சளி பிடிக்காமல் மாதக்கணக்கில் காப்பாற்ற வேண்டும். பிறகு, சளி பிடிக்க வைப்பதற்காக அவற்றை டாக்டர்களிடம் ஒப்படைக்க வேண்டும்.

முதல் முறை கேட்பவர்கள் சிரிப்பார்கள். இரண்டாம் முறை சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். மூன்றாம் முறை சொல்லும் பொறுமை அக்காவுக்கு இல்லை. "புரியலன்னா விடுங்க. எனக்கே புரிய ரெண்டு வருஷம் ஆச்சு" என்று முடித்துக்கொள்வார்.

அந்தப் பிராணிக்கு ஃபெரெட் என்று பெயர். முழங்கை நீளம், வெளிறிய உடம்பு, கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையம். அது கீரி இல்லை என்று அக்காவே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறார். ஆனால் கீரியைப் பார்த்த யாரும் அதை வேறு எதுவாகவும் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் அவரும் கீரி என்றே கூப்பிடத் தொடங்கினார். ஊரும் அவரைக் கீரியக்கா ஆக்கிவிட்டது.

வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தின் பின்பக்கம், இரண்டு கதவுகள் தாண்டிய ஒரு நீள அறையில் அவற்றின் கூண்டுகள் இருந்தன. மனிதனுக்கு வருகிற ஃப்ளூ எலிக்கு ஒழுங்காக வராது. ஃபெரெட்டுக்கு நமக்கு வருகிற மாதிரியே வரும். மூக்கு ஒழுகும், தும்மும், காய்ச்சலில் சுருண்டு படுத்துக்கொண்டு 'என்னைக் கேட்பாரில்லையா' என்று பார்க்கும். "எங்க வீட்டு ஆம்பளையவிடக் கொஞ்சம் பொறுமை ஜாஸ்தி, அவ்வளவுதான் வித்தியாசம்" என்பது அக்காவின் கணிப்பு.

அதனால்தான் அவற்றுக்கு அத்தனை மவுசு. ஃப்ளூ வைரஸ் வருஷத்துக்கு வருஷம் மேல்சட்டையை மாற்றிக்கொள்கிற ஜென்மம். போன வருஷம் வந்தவனை நம் உடம்பு நன்றாக நினைவில் வைத்துக்கொண்டு வாசலில் காத்திருக்கும். அவன் வேறு சட்டையில் வந்து 'யாரோ எவரோ' என்று உள்ளே போய்விடுவான். ஆகவே ஊசியையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. இதைக் கவனிக்க, ஊசியில் இருக்கும் வைரஸை ஃபெரெட்டின் மூக்கில் சில சொட்டு விடுவார்கள். அது சில நாள் தும்மிவிட்டுத் தேறிவிடும். மூன்று வாரம் கழித்து, அதன் ரத்தத்தில் அந்த வைரஸை அடையாளம் கண்டு பிடிக்கிற சக்தி ஊறியிருக்கும். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக வருகிற புதிய வைரஸ்களை அந்த ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரில் கலந்து பார்ப்பார்கள். அடையாளம் தெரிந்தால் ஊசி பொருந்துகிறது. தெரியாவிட்டால் பொருந்தவில்லை.

இதில் ஒரே ஒரு நிபந்தனை. அந்த ஃபெரெட்டுக்கு அதுவரை எந்த ஃப்ளூவும் வந்திருக்கக் கூடாது. வந்திருந்தால் பழைய நினைவும் புது நினைவும் கலந்து கணக்கெல்லாம் குழம்பிவிடும். வேறு ஊரிலிருந்து பெட்டியில் வந்து இறங்கும் நாள் முதல் டாக்டர்கள் கேட்கும் நாள் வரை மனித மூச்சு அதன்மேல் படாமல் பார்த்துக்கொள்வது அக்காவின் பொறுப்பு. ரத்தம் எடுத்த பிறகு சில பிராணிகள் அந்த அறைக்குத் திரும்பி வருவதில்லை. அந்த நாட்களில் அக்கா லீவு போட்டுவிடுவார். காரணம் எழுதும் இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதுவார். யாரும் கேட்டதில்லை.

இந்த வேலைக்கு அவர் வந்ததே ஒரு கூத்து. அதே நிலையத்தின் கீழ்த்தளத்தில் ஒன்பது வருஷம் கண்ணாடிக் குடுவை கழுவிக்கொண்டிருந்தவர் அவர். ஃபெரெட் அறையில் ஆள் நிற்பதில்லை என்று மேலே பெரிய தலைவலியாக இருந்தது. காரணம், நாற்றம். நனைந்த கோணியில் பழைய எண்ணெயை ஊற்றி ஒரு வாரம் மூடி வைத்தால் என்ன வருமோ அது. நிலையத்தின் தலைவர், எல்லாரும் பெரிய டாக்டர் என்று அழைப்பவர், அக்காவை அறைக்குள் கூட்டிப்போய், மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டே கேட்டார்.

"இந்த வாசனையைப் பொறுத்துக்குவீங்களாம்மா?"

"எந்த வாசனை சார்?"

பெரிய டாக்டர் அசந்துபோனார். இப்படி ஒரு மனோதிடமா என்று அன்றைக்கே வேலையை மாற்றிக் கொடுத்துவிட்டார். ஒன்பது வயதில் வந்த ஒரு காய்ச்சலோடு அக்காவுக்கு மோப்பம் போய்விட்டது என்பதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த வாசனையின் முழு பாரமும் போய் விழுந்தது வீட்டுக்காரர் மேல். முதல் வாரம் அவர் கட்டிலை நகர்த்தி, பீரோவை நகர்த்தி, செத்த எலியைத் தேடினார்.

வீட்டுக்காரர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுநர். இங்கேதான் விதி விளையாடியது. ஒரு பக்கம், சளியே படக்கூடாத பிராணிகளைக் காக்கிற மனைவி; மறுபக்கம், நாற்பத்து மூன்று பிள்ளைகளின் தும்மலைத் தினம் இரண்டு வேளை பிடரியில் வாங்குகிற கணவன். சளிக் காலம் வந்துவிட்டால் வீட்டில் அக்காவின் சட்டம் அமலுக்கு வரும். வீட்டுக்காரர் வெளிக்குழாயில் முகம் கை கால் கழுவி, சட்டையைக் கழற்றி மூடி போட்ட வாளியில் போட்டு, உப்புத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டுத்தான் படியேற வேண்டும்.

"உள்ள வரலாமா?"

"கை கழுவியாச்சா?"

"பஸ்ஸையே கழுவிட்டேம்மா."

"பஸ் இங்க வந்து படுக்கப் போகுதா? கையைக் காட்டுங்க."

சாப்பாடு மேசையின் இரு முனையில். துண்டு தனி, டம்ளர் தனி, அறை தனி. நான்கு மாதத்துக்கு அவர் முன் அறையில், அக்கா பின் அறையில். அவசரமாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவர் போனில் கூப்பிடுவார். "பக்கத்து ரூமுக்கு டிரங்க் கால் போடுற ஒரே புருஷன் நான்தான்" என்று பஸ் நிலையத்தில் சொல்லிச் சிரிப்பார். ஆனால் சட்டத்தை மீறியதில்லை. பதினோரு வருஷமாக அக்காவின் அறையில் ஒரு ஃபெரெட்டுக்குக்கூட தானாகச் சளி பிடித்ததில்லை. இதை அக்கா அடிக்கடி சொல்லிக்கொள்வதில்லை. ஒரு நாளைக்கு ஒரு முறைதான்.

அந்த வருஷம் ஊசி வந்த அன்று, கூட்ட அறையில் எல்லாரையும் உட்காரவைத்துப் பெரிய டாக்டர் பேசினார். நல்ல பேச்சாளர். பள்ளிக்கூடம், சங்கம், தொழிற்சாலை என்று எங்கே கூப்பிட்டாலும் போய் ஃப்ளூவைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டு வருவார். முகக்கவசம் மட்டும் அவருக்கு ஆகாது. பேச்சு தடைப்படுகிறதாம். அதனால் அது எப்போதும் மோவாய்க்குக் கீழே, தாடி மாதிரி தொங்கும்.

"இந்த ஊசி போட்டுக்கிட்ட யாருக்கும் இந்த வருஷம் ஃப்ளூ வராது. எழுதி வச்சுக்கங்க" என்றார்.

கடைசி வரிசையிலிருந்து சின்ன டாக்டரம்மா கையைத் தூக்கினாள். வேலைக்கு வந்து மூன்று வருஷமே ஆன பெண். வைரஸ்களைப் பொருத்திப் பார்ப்பதெல்லாம் அவள்தான்.

"சார், ஊசி பொருந்தினா அநேகமா வராது. பொருந்தலன்னா வரலாம், லேசா வரும்."

"அதைத்தான் நானும் சொன்னேன்" என்றார் பெரிய டாக்டர்.

எல்லாரும் ஊசி போட்டுக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்திலும் அதே வாரம் ஊழியர்களுக்கு ஊசி போட்டார்கள். அக்காவின் வீட்டுக்காரர் மட்டும் ஸ்டியரிங் பிடிக்கிற கை வலிக்கும் என்று சொல்லி நழுவிவிட்டார்.

ஃபெரெட் அறையின் வெளிக்கதவில் ஒரு ரிஜிஸ்டர் தொங்கும். தும்மல் உண்டா, இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா என்று மூன்று கேள்வி. உள்ளே போகிற யாரும் தேதி போட்டு டிக் பண்ண வேண்டும். பெரிய டாக்டருக்கு நேரம் பொன் என்பதால் மாதத்தின் முதல் தேதியன்றே முப்பது நாளுக்கும் சேர்த்து 'இல்லை' என்று டிக் பண்ணிவிடுவார். ஒருமுறை அவர் கதவருகே வந்து மூக்கை உறிஞ்ச, அக்கா குறுக்கே நின்று திருப்பி அனுப்பியிருக்கிறார். அது அவர் மனதில் முள்ளாகத் தைத்திருந்தது. அதன்பின் அக்காவுக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதை வழக்கமாக்கிக்கொண்டார்.

அப்படி ஒரு ஞாயிறு, மேலிடத்திலிருந்து இரண்டு விருந்தினர்கள் வந்தார்கள். அவர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்றார்கள். பெரிய டாக்டர் உள்ளே போய், பதினேழாம் எண்ணைக் கையில் எடுத்து, முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக் கண்ணாடி வழியாகக் காட்டி, அதன் பெருமைகளைக் கால் மணி நேரம் உரத்துச் சொன்னார்.

அக்கா பிராணிகளுக்குப் பெயர் வைப்பதில்லை. எண்தான். ஆனால் பதினேழு வெறும் எண் இல்லை. அது ஒரு திருடன். பேனா மூடி, கையுறை, ஒருமுறை அக்காவின் மூக்குக்கண்ணாடி உறை என்று கிடைத்ததைக் கொண்டுபோய்ப் படுக்கைக்கு அடியில் சேர்த்துவைக்கும். கூண்டைத் திறந்ததும் செருப்பின் மேல் ஏறி நிற்கும். பிடரியைப் பிடித்துத் தூக்கினால் எல்லா ஃபெரெட்டும் செய்கிற மாதிரி கைகால் தளர்ந்து, தலை பின்னால் சாய்ந்து, பெரிதாக ஒரு கொட்டாவி விடும். அந்த நேரத்தில் அதற்கு மருந்து கொடுக்கலாம், மூக்கில் குச்சி விடலாம், எதுவும் செய்யலாம். கேட்காது.

திங்கள், செவ்வாய் ஒன்றுமில்லை. புதன்கிழமை காலை அக்கா தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற மாதிரி.

அக்கா திரும்பவில்லை. தூசியாக இருக்கட்டும் என்று நின்றார். மறுபடி வந்தது. திரும்பிப் பார்த்தால், பதினேழு கம்பியில் மூக்கை வைத்துக்கொண்டு, தான் செய்த காரியம் தனக்கே புரியாமல் நின்றது. மத்தியானத்துக்குள் பதினாறும் பதினெட்டும் தும்மின. மாலைக்குள் ஒன்பது.

அக்கா சின்ன டாக்டரம்மாவுக்குப் போன் செய்தார். "கண்ணு, கொஞ்சம் வா" என்றார், அவ்வளவுதான். மேடம் என்று கூப்பிடாமல் கண்ணு என்றதுமே ஏதோ விபரீதம் என்று அவள் மாடியிலிருந்து ஓடிவந்தாள்.

மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதித்ததில் சந்தேகம் தீர்ந்தது. ஃப்ளூவேதான். ஏ வகை. உலகத்து நிபுணர்கள் கூடி அடுத்த பருவத்து ஊசியில் எந்த வைரஸைப் போடுவது என்று முடிவுசெய்யும் கூட்டத்துக்கு ஏழு வாரம் இருந்தது. அதற்குக் கணக்கு அனுப்ப வேண்டிய நிலையத்தில், எல்லாம் ஒரே அறைக் காற்றில் இருந்ததால், சுத்தமான ஃபெரெட் ஒன்றுகூட மிச்சமில்லை.

பெரிய டாக்டர் விசாரணை வைத்தார். விசாரணை நாலு நிமிடம் நடந்தது.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? அந்தம்மா வீட்டுக்காரர் ஸ்கூல் பஸ் ஓட்டுறார். நாப்பது பிள்ளைங்க மூக்கு. அங்கேருந்து வீட்டுக்கு, வீட்டுலேருந்து இங்க." குரல் கரகரத்தது. தண்ணீர் குடித்துக்கொண்டார். "தூசி. ஏசியைச் சுத்தம் பண்ணச் சொல்லுங்க."

அக்காவுக்கு அழுகை வரவில்லை. அதற்குப் பதிலாகக் காது சூடானது. பதினோரு வருஷம் மேசையின் மறுமுனையில் உட்கார்ந்து சாப்பிட்ட மனுஷனைப் பற்றி இப்படி ஒரு பேச்சு. "எனக்கும் எடுங்க, அவருக்கும் எடுங்க" என்றார் சின்ன டாக்டரம்மாவிடம்.

அக்காவுக்கு அங்கேயே எடுத்தார்கள். வீட்டுக்காரருக்கு எடுக்கச் சின்ன டாக்டரம்மா பள்ளிக்கூட வாசலுக்கே போனாள். பிள்ளைகளை இறக்கிவிட்டு அவர் ஓட்டுநர் இருக்கையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"கொஞ்சம் மேல பாருங்க அண்ணா. ஒரு நிமிஷம்தான்."

குச்சி உள்ளே போனது. போய்க்கொண்டே இருந்தது. அவ்வளவு தூரம் இடம் இருக்கிறதென்று அவருக்கு அன்றுவரை தெரியாது. ஹார்ன் தானாக அடித்தது, முழங்கை பட்டிருக்கிறது.

"முடிஞ்சுது அண்ணா."

"பின்மண்டையில ஏதாவது எழுதியிருந்தா அதையும் படிச்சுச் சொல்லும்மா" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மறுநாள் முடிவு வந்தது. அக்காவுக்கு ஒன்றுமில்லை. வீட்டுக்காரருக்கு ஃப்ளூ இருந்தது.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சின்ன டாக்டரம்மா அவசரமாகக் கையை ஆட்டினாள்.

"இருங்க அக்கா, முழுசாக் கேளுங்க. அவருக்கு இருக்கறது பி வகை. கீரிங்களுக்கு வந்திருக்கறது ஏ வகை. ரெண்டுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. அவர் குத்தவாளி இல்லக்கா. வெறும் நோயாளிதான்."

அன்று மாலை வெளிக்குழாயடியில் அக்கா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எத்தனை நாளா?"

"எது?"

"சளி."

வீட்டுக்காரர் குழாயைத் திறந்தார், மூடினார். "மூணு நாளா."

"ஏன் சொல்லல?"

"சொன்னா வராந்தாவுல படுக்கச் சொல்லுவ."

"ஆமா, சொல்லியிருப்பேன்."

"அதான் சொல்லல."

அக்கா கோபப்பட வேண்டும் என்றுதான் வந்திருந்தார். ஆனால் மனதில் வேறொரு கணக்கு ஓடியது. மூன்று நாள் ஒரே கூரைக்குக் கீழே ஃப்ளூக்காரனோடு இருந்திருக்கிறார். ஒரு துளி ஒட்டவில்லை. தனி துண்டும் தனி டம்ளரும் பலித்திருக்கின்றன. மறுநாள் காலை தோட்டக்காரர் முதல் கணக்குப்பிள்ளை வரை எல்லாரிடமும் இதைச் சொன்னார். குற்றம்சாட்டப்பட்டவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததை அந்த நிலையம் பார்த்ததில்லை.

அப்படியானால் கொண்டுவந்தது யார்? அறைக்குள் போன எல்லாருக்கும் எடுத்தாகிவிட்டது. ஒருவருக்கும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காவலரிடம் கேட்டபோது அவர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், பிறகு ரிஜிஸ்டரைப் பார்க்கச் சொன்னார். ரிஜிஸ்டரில் பெரிய டாக்டர் ஆரோக்கியமாக இருந்தார். இன்னும் வராத அடுத்த வாரத்திலும் ஆரோக்கியமாகவே இருந்தார்.

சின்ன டாக்டரம்மாவும் அக்காவும் அவர் அறைக்குப் போனார்கள். அவர் மூக்கு நுனி சிவந்து, கழுத்தில் மஃப்ளர் சுற்றி, வெந்நீர் பிளாஸ்கோடு உட்கார்ந்திருந்தார். குப்பைக்கூடை நிறையக் காகிதக் கைக்குட்டை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டதுண்டு. இவர் சோறே இல்லாமல் மறைத்துக்கொண்டிருந்தார்.

சின்ன டாக்டரம்மா குச்சியைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். மேலதிகாரி. வருட இறுதியில் அவளைப் பற்றி ரகசியக் குறிப்பு எழுதுகிற கை அது. அக்காவுக்கு அப்படி எழுத யாருமில்லை.

"சார், எல்லாரும் கொடுத்துட்டாங்க. செக்யூரிட்டி கொடுத்தாச்சு. நான் கொடுத்தாச்சு. அறைக்கே வராத என் வீட்டுக்காரர்கூட கொடுத்துட்டார். உங்க பேரு மட்டும் பாக்கி."

"நான் ஊசி போட்டவன்மா."

"நானும் போட்டவதான் சார்."

"இது அலர்ஜி."

"அலர்ஜின்னா குச்சியில ஒண்ணும் வராது. உங்களுக்குத்தான் நல்ல பேரு."

இந்தப் பிடியிலிருந்து வழுக அவருக்கு வழி தெரியவில்லை. சரி என்று தலையை நீட்டினார். ஆனால் குச்சி கிட்டே வந்ததும் தலை தானாகப் பின்னால் போனது. இரண்டாவது முறை வலது பக்கம் போனது. மூன்றாவது முறை மேசைக்கு அடியில் ஏதோ விழுந்ததாகச் சொல்லிக் குனிந்தார். சின்ன டாக்டரம்மா குச்சியோடு மேசையைச் சுற்றி அவர் பக்கம் வந்தாள்.

அதன்பின் நடந்ததை அக்கா திட்டமிட்டுச் செய்யவில்லை. பதினோரு வருஷப் பழக்கம். கை தானாகப் போய்ப் பெரிய டாக்டரின் பிடரியை, மஃப்ளரோடு சேர்த்து, இரண்டு விரலும் கட்டைவிரலுமாகப் பிடித்தது. அவர் தோள் தளர்ந்தது. தலை பின்னால் சாய்ந்தது. வாய் மெல்லத் திறந்தது.

"இப்ப எடு கண்ணு" என்றார் அக்கா.

குச்சி போய் வந்தது. பெரிய டாக்டர் கொட்டாவி விட்டாரா என்பதைப் பற்றி நிலையத்தில் இன்றுவரை இரண்டு கருத்து உண்டு. சின்ன டாக்டரம்மா இல்லை என்பாள். அக்கா பதில் சொல்ல மாட்டார்.

முடிவு வந்தது. ஏ வகை. அவர் மூக்கிலிருந்து எடுத்த வைரஸின் மரபணு எழுத்து வரிசையையும் பதினேழின் மூக்கிலிருந்து எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிய பரீட்சைத்தாள் மாதிரி இருந்தன.

"கீரிகிட்டேருந்து எனக்கு வந்திருக்கலாமே" என்றார் பெரிய டாக்டர், கடைசித் துரும்பைப் பற்றிக்கொண்டு.

"கீரிங்க தும்மினது புதன்கிழமை சார்" என்றாள் சின்ன டாக்டரம்மா, தரையைப் பார்த்துக்கொண்டு. "நீங்க சனிக்கிழமையே தொண்டை சரியில்லன்னு ஒரு ஸ்கூல் பேச்சை ரத்து பண்ணியிருக்கீங்க. கடிதத்தோட நகல் ஃபைல்ல இருக்கு."

"எந்தப் பேச்சு?"

"ஃப்ளூவைத் தடுப்பது எப்படி."

பெரிய டாக்டர் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்.

இதோடு கதை முடிந்திருந்தால் ஒரு வாரச் சிரிப்போடு போயிருக்கும். ஆனால் சின்ன டாக்டரம்மாவுக்கு ஒரு விஷயம் உறுத்தியது. ஊசி போட்ட மனிதருக்கு எப்படி வந்தது? அந்த வைரஸைக் கண்ணாடிக் குடுவையில் ஒரு வாரம் வளர்த்து, முந்தைய ஃபெரெட்டுகளிடமிருந்து எடுத்து உறைபெட்டியில் வைத்திருந்த தெளிநீரோடு பொருத்திப் பார்த்தாள். பார்த்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டாள். அத்தனை வருஷத்தில் அக்கா அந்தத் தட்டைக் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

வரிசை வரிசையாகக் குழி வைத்த, உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொரு குழியிலும் சிவப்பு ரத்த அணு கொஞ்சம்.

"தெளிநீர் வைரஸை அடையாளம் கண்டு பிடிச்சுக்கிட்டா, ரத்தம் அடியில இறங்கிப் பொட்டு மாதிரி நிக்கும். பிடிக்க முடியலன்னா வைரஸ் ரத்தத்தை இழுத்துக் குழி பூரா விரிச்சுடும். குழிக்குக் குழி தெளிநீர்ல தண்ணி கூடிக்கிட்டே போகும்; எத்தனை குழி வரைக்கும் பொட்டு விழுதோ அவ்வளவு நல்லாப் பொருந்துதுன்னு அர்த்தம். மேல் வரிசை ஊசியில இருக்கற வைரஸ். பாருங்க."

மேல் வரிசையில், நெற்றியில் இட்ட மாதிரி பொட்டுப் பொட்டாக இறங்கி நின்றது.

"கீழ் வரிசை, பெரிய டாக்டரோடது."

முதல் குழியில் அரைகுறையாக ஒரு பொட்டு. அதற்கப்புறம் எல்லாம் பழைய ஜமுக்காளம் விரித்த மாதிரி கிடந்தது.

அக்கா குனிந்து பார்த்தார். "பொருந்தல."

"பொருந்தல. போன வருஷ அளவுக்குச் சட்டை தைச்சு வச்சிருக்கோம் அக்கா. பிள்ளை வளர்ந்துட்டான். பட்டன் போட முடியல."

"அப்ப ஊசி வீணா?"

"வீண்னு சொல்ல முடியாது. பட்டன் போடலன்னாலும் சட்டை சட்டைதானே, கொஞ்சம் மறைக்கும். இந்த வயசுல, சர்க்கரையும் வச்சுக்கிட்டு, சார் தூசின்னு சொல்லிக்கிட்டு நடமாடுற அளவுக்கு லேசா வந்துச்சுல்ல. ஊசி இல்லன்னா ஆஸ்பத்திரியில படுத்திருப்பார்."

பிறகு அவள் ஆஸ்பத்திரிகளிலிருந்து அந்த மாதம் வந்து காத்திருந்த மாதிரிகளை எடுத்துப் பார்த்தாள். கிட்டத்தட்ட பாதி அதே புதுச் சட்டைக்காரன். ஊருக்குள் ஏற்கெனவே குடியேறியிருக்கிறான். நிலையம் அவற்றை வரிசைப்படி, அடுத்த மாதம்தான் பிரித்திருக்கும். அதற்குள் கூட்டத்துக்குக் கணக்கு அனுப்பும் தேதி போயிருக்கும்.

கெட்டுப்போனதாக நினைத்த ஃபெரெட்டுகளும் கைகொடுத்தன. மூன்று வாரம் கழித்துப் பதினேழின் காலிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்தார்கள். அக்காதான் பிடரியைப் பிடித்துக்கொண்டார். அந்தத் தெளிநீரைப் புதிய வைரஸோடு பொருத்தியபோது கடைசிக் குழிக்குச் சற்று முன்வரை பொட்டு விழுந்தது. சொல்லிவைத்துத் தயாரித்திருந்தால்கூட இவ்வளவு சீக்கிரம் கிடைத்திருக்காது. முறைப்படி மூக்கில் விட்டது அல்ல என்பதால் அறிக்கையில் ஓர் அடிக்குறிப்பு போட வேண்டியிருந்தது. 'பிராணிகளுக்குத் தொற்று ஓர் ஊழியரிடமிருந்து ஏற்பட்டது' என்று சின்ன டாக்டரம்மா எழுதினாள். பெரிய டாக்டர் 'ஊழியர்' என்பதை அடித்துவிட்டு 'மனிதத் தொடர்பு' என்று திருத்தினார்.

கூட்டம் நடந்தது. வேறு இரண்டு மூன்று நாடுகளும் இதே மாதிரி ஒன்றைப் பார்த்திருந்தன. அடுத்த பருவத்து ஊசியில் அந்த இடத்துக்கு ஆள் மாற்றினார்கள். தேர்ந்தெடுத்தது இவர்கள் அனுப்பியதை அல்ல, வேறொரு நாட்டில் பிடித்த, அதன் ஒன்றுவிட்ட சகோதரனை. சின்ன டாக்டரம்மாவுக்கு அதில் வருத்தமில்லை. பெரிய டாக்டருக்குத்தான் ஒரு வாரம் முகம் சரியில்லை; தன் மூக்கு போகவேண்டிய தூரம் போகவில்லை என்று அவருக்குப் பட்டது. ஆனால் தேறிவிட்டார். இப்போது அவர் பேச்சுகளில் அந்த வருஷத்துக்குத் தனியாக இருபது நிமிடம் உண்டு. "ஆராய்ச்சிக்காக என் உடம்பையே கொடுத்தேன்" என்று தொடங்குவார். மக்கள் கைதட்டுவார்கள். ஒருமுறை அக்காவும் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டார். பிடரி விஷயம் வரவில்லை.

அக்காவிடம் மன்னிப்பு என்று அவர் எதுவும் கேட்கவில்லை. ஒருநாள் ஃபெரெட் அறை வாசலில் வந்து நின்று, "ஏம்மா, வேற ஏதாவது வசதி வேணுமா இங்க?" என்றார்.

"இந்தக் கதவுக்கு ஒரு பூட்டு சார். சாவி என்கிட்ட இருக்கணும்."

அடுத்த நாளே பூட்டு வந்தது. ரிஜிஸ்டரையும் மாற்றினார்கள். ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு தேதிதான்.

புதிய ஃபெரெட்டுகள் வந்து இறங்க ஐந்து வாரம் ஆகும் என்றார்கள். இருக்கிறவை எல்லாம் ஒருமுறை பட்டுத் தேறியவை. அந்த வைரஸ் இனி அவற்றை ஒன்றும் செய்யாது. பெரிய டாக்டர் பெருந்தன்மையாக லீவையும் கொடுத்தார். ஃபெரெட் அறைக்கு வந்தபின் கிடைத்த முதல் சளிக்கால விடுதலை. அக்கா நேரே மகள் வீட்டுக்குப் போனார். இரண்டு வயதுப் பேத்தி, சளிக் காலத்தில் அதுவரை ஜன்னல் வழியாகவே பார்த்திருந்த பாட்டியின் தோளில் ஏறி, மூக்கைப் புடவையில் இழுத்துத் துடைத்தது. "துடைச்சுக்கடி தங்கம், நல்லா துடைச்சுக்க" என்றார் அக்கா.

நான்காம் நாள் காய்ச்சல் அடித்தது. வீட்டுக்கு வந்து படுத்தார். உடம்பெல்லாம் யாரோ துணி பிழிந்த மாதிரி வலி. வீட்டுக்காரர் சூப் வைத்துக் கொண்டுவந்தார். கட்டிலோரம் உட்கார்ந்து தெர்மாமீட்டரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் தெரியவில்லையே என்றார்.

"தள்ளி உக்காருங்க" என்றார் அக்கா, கண்ணைத் திறக்காமல்.

"எனக்கு வந்தது பி தானே?"

"ஆமா."

"உனக்கு இப்ப என்ன?"

"ஏ. காலையில கண்ணு வந்து எடுத்துட்டுப் போய்ப் போன்ல சொல்லிச்சு."

"அப்ப எனக்கு இது இன்னும் வரலாம்."

"வரும்."

அவர் சூப்புக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தார். பிறகு தெர்மாமீட்டரை ஓரமாக வைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். அக்கா அவர் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார்.

மூன்று நாளில் அவருக்கும் வந்தது. ஒரே பருவத்தில் ஏ, பி இரண்டையும் வாங்கிய ஆள் தன் மாதிரிகளில் இவர் ஒருவர்தான் என்று சின்ன டாக்டரம்மா சொன்னாள். அதை அவர் பட்டம் வாங்கிய மாதிரி பஸ் நிலையம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்தில் ஊசி போட வந்தபோது வரிசையில் முதல் ஆளாக, சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு நின்று, நர்ஸிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இந்தத் தடவை அளவு சரியா எடுத்தாங்களாம்மா?"